போர் தண்ணீருக்கு எந்த கீசர் தாங்கும்?

கேள்வி இது: "கோவை சரவணம்பட்டி பக்கம் வீடு. கீழே மாமாவும் அத்தையும், மாடியில் நானும் வீட்டுக்காரரும். ரெண்டு பாத்ரூம், குளிக்க போர் தண்ணிதான். மூணு வருஷம்கூட ஆகாத 15 லிட்டர் கீசர் அடியில் ஒழுக ஆரம்பிச்சிருச்சு. டேங்கே போச்சு, புதுசுதான் வாங்கணும்னு சொல்றாங்க. இன்ஸ்டன்ட் நல்லதா, ஸ்டோரேஜ் நல்லதா? எந்தக் கம்பெனியை நம்பலாம்? 5 ஸ்டார் வேணுமா? பழைய டேங்கை வெல்டு வெச்சு ஓட்ட முடியுமாங்கண்ணா?"

கம்பெனிப் பெயரையும் சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். மூன்று வருஷத்தில் டேங்க் ஏன் ஓட்டையானது என்று தெரியாமல் அடுத்ததை வாங்கினால், அதுவும் அதே வயதில்தான் போகும். வீடுகளுக்கு எலக்ட்ரிகல், பிளம்பிங் வேலை எடுத்துச் செய்பவன் நான். கீசர் ஒழுகுகிறது என்று வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதே கதைதான்: போர் தண்ணீர், உள்ளே கரைந்து தீர்ந்த ஆனோடு, வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத டேங்க். அதே கம்பெனியின் அதே மாடல், சிறுவாணித் தண்ணீர் ஏறும் வீட்டில் பத்து வருஷம் தாண்டியும் அசையாமல் நிற்கிறது. அதனால் தண்ணீரிலிருந்து தொடங்குவோம்.

இன்று கடையில் கிடைக்கும் ஸ்டோரேஜ் கீசர்களில் பெரும்பாலானவற்றின் உள்டேங்க் சாதாரண இரும்புத் தகடுதான். அதன் உட்புறத்தில் எனாமல் பூசிச் சூளையில் சுட்டு, கண்ணாடி மாதிரி ஒரு படலம் ஏற்றியிருப்பார்கள். 'கிளாஸ் லைன்டு' என்பது இதைத்தான். படலம் நல்ல படலமே, ஆனால் வெல்டிங் ஓரங்களிலும் மூலைகளிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் இருக்கத்தான் செய்யும். தண்ணீர் அந்தத் துளை வழியாக இரும்பைத் தொட்டால் துரு தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் டேங்குக்குள் மெக்னீசியத்தில் ஒரு கம்பி வைக்கிறார்கள். அதுதான் ஆனோடு. இரும்பைவிட மெக்னீசியம் சுலபமாகக் கரையும், ஆகவே துளை இருந்தாலும் முதலில் கரைவது கம்பி, தப்பிப்பது டேங்க். கம்பி தீர்ந்த நாளிலிருந்து டேங்கின் முறை.

உங்கள் பழைய கீசரைக் கழற்றிக் கீழே வைத்திருந்தால் இதை நீங்களே பார்க்கலாம். அடிப்பக்கத்து பிளாஸ்டிக் மூடியை எடுத்தால், போல்ட்டுகளால் இறுக்கிய ஒரு தகடு தெரியும். ஹீட்டிங் எலிமென்ட், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் உட்காரும் குழாய், ஆனோடு மூன்றும் பெரும்பாலும் அந்தத் தகட்டோடுதான் வெளியே வரும். போல்ட்டைத் தளர்த்தியதும் கலங்கல் தண்ணீரோடு, முட்டை ஓட்டை நொறுக்கிப் போட்டது போல வெள்ளைச் சில்லுகள் கொட்டும். எலிமென்ட்டின் செப்பு நிறம் தெரியாது, சுற்றிலும் சாம்பல் வெள்ளையில் கரடுமுரடாக ஒரு பூச்சு. விரல் தடிமனில் இருந்திருக்க வேண்டிய ஆனோடு, நடுவிலிருக்கும் மெல்லிய இரும்புக் கம்பியாக மட்டும் மிஞ்சியிருக்கும். மூன்று வருஷத்தில் ஒழுகியது என்றால் நான் பந்தயமே கட்டுவேன், அந்தக் கம்பி தீர்ந்து ஒரு வருஷமாவது ஆகியிருக்கும்.

இப்போது தண்ணீரை அளக்க வேண்டும். வாட்டர் பியூரிஃபையர் விற்க வருபவர் கையில் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டர் மட்டும் இதற்குப் போதாது. அது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தைச் சொல்லும். அதில் எலிமென்ட்டில் படியும் கால்சியம், மெக்னீசியம் எவ்வளவு என்று சொல்லாது. கடினத்தன்மை தனியாகப் பார்க்க வேண்டும், கூடவே குளோரைடும். மாவட்டந்தோறும் இருக்கும் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். ரிப்போர்ட்டைப் படிக்க ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைக்கிறது. வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை போகலாம் என்கிறது. குளோரைடுக்கு அதே கணக்கு 250, 1000. 200-க்குள் இருந்தால் எந்த நல்ல கீசரும் ஓடும். 600-ஐத் தாண்டினால் எந்தக் கீசரும் பராமரிப்பு இல்லாமல் ஓடாது, பெட்டியில் 'ஹார்ட் வாட்டர் ஸ்பெஷல்' என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் சரி. ரிப்போர்ட் வரும்வரை கைக்கணக்குக்கு: சோப்பு நுரைக்காமல் திரிதிரியாக ஒட்டுகிறதா, ஷவர் துளைகள் மாதத்துக்கு மாதம் அடைகிறதா? அப்படியானால் 600-க்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

டேங்க் எதில் செய்தது என்பதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றதும் எவர்சில்வர் பாத்திரம் நினைவுக்கு வந்து, துருவே பிடிக்காது என்று வாங்கிவிடுகிறார்கள். குளோரைடு அதிகமுள்ள சூடான தண்ணீரில் 304 ரக ஸ்டீல் ஊசிமுனைத் துளைகளாக அரிக்கும், அதுவும் வெல்டிங் ஓரத்தில்தான் முதலில். 316 ரகம் கூடுதலாகத் தாங்கும், ஆனால் வீட்டுக் கீசரில் அது அபூர்வம். பழைய செப்பு டேங்குகள் நல்ல தண்ணீரில் ஒரு தலைமுறை உழைத்தவை. இன்றைய விலைக்கு யாரும் வாங்குவதில்லை. உங்கள் போர் தண்ணீருக்கு என் தேர்வு கனமான ஆனோடு உள்ள கிளாஸ் லைன்டு டேங்க். எலிமென்ட் வெறும் செம்பாக இல்லாமல் இன்கலாய் என்ற நிக்கல் கலந்த உலோக உறையோ, எலிமென்ட்டின் மேலேயே கண்ணாடிப் பூச்சோ உள்ளதாக இருக்கட்டும். செம்பு சீக்கிரம் சூடாக்கும், உப்புப் படிந்தால் சீக்கிரம் வெடிக்கவும் செய்யும்.

இந்த இடத்தில் ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டும். உப்புப் படிந்த எலிமென்ட் கரண்டை அதிகம் இழுக்கும் என்பார்கள். 2000 வாட் எலிமென்ட் படிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 2000 வாட்தான் இழுக்கும், அந்தச் சூடு தண்ணீருக்குள்தான் போயாக வேண்டும். பில் பெரிதாக ஏறாது. ஆனால் படிவு ஒரு கம்பளி போலச் சூட்டை உள்ளேயே பிடித்து வைப்பதால் எலிமென்ட்டின் சொந்தச் சூடு எகிறி, உறை விரிசல் விடும். விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கரண்ட் வெளியே வரும். கீசரில் 'கடகட'வென்று கொதிக்கும் சத்தம் கேட்டால் அது படிவு பேசுவதுதான், உடனே திறக்கச் சொல்லுங்கள்.

சாஃப்ட்னர் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ரெசின் நிரப்பி, மாதத்துக்குச் சில தடவை கல் உப்புப் போட்டுக் கழுவுகிற வகை சாஃப்ட்னர் வேலை செய்யும். கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை விடும். படிவு நிற்கும். ஆனால் டி.டி.எஸ். குறையாது, தண்ணீர் கரண்டைக் கடத்தும் தன்மையும் குறையாது, ஆனோடு கரைவது நிற்கவே நிற்காது. சாஃப்ட்னர் போட்டாயிற்றே என்று ஆனோடை மறந்துவிட்டால் டேங்க் வழக்கம்போல் போகும். குழாயைச் சுற்றிக் காந்தம் கட்டும் சமாச்சாரத்தை யாருக்கும் நான் சொல்வதில்லை.

கோவைக்காரர்களுக்கு இதைவிட மலிவான வழி ஒன்று உண்டு. பல வீடுகளில் நல்ல தண்ணீருக்கும் உப்புத் தண்ணீருக்கும் மொட்டை மாடியில் தனித்தனித் தொட்டி இருக்கும். கீசருக்குள் போகும் ஒரு குழாயை மட்டும் நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டால், கலக்கும் பச்சைத் தண்ணீர் போராகவே இருக்கட்டும், கீசருக்குள் போவது மென்மையான தண்ணீர். நான்கு பேருக்கு ஒருநாளைக்கு 40, 50 லிட்டருக்குமேல் கீசர் வழியாகப் போகாது. இரண்டு தொட்டியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை, காரணம் கீழே வருகிறது. கோடையில் நல்ல தண்ணீர் வாரக்கணக்கில் வராத தெரு என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். குடிக்கிற தண்ணீரைக் குளிக்க விட்டுவிட்டு அத்தையிடம் பேச்சு வாங்க வேண்டாம்.

இன்ஸ்டன்டா ஸ்டோரேஜா என்பதற்கு விளம்பரத்தைப் பார்க்காமல் கணக்கைப் பாருங்கள். 1 யூனிட் கரண்ட் 860 லிட்டர் தண்ணீரை 1 டிகிரி உயர்த்தும். கடையில் 'இன்ஸ்டன்ட்' என்று விற்பது 3 லிட்டர் டேங்கும் 3000 வாட் எலிமென்ட்டும் உள்ள சின்னப் பெட்டி. அது நிமிடத்துக்கு 43 லிட்டர்-டிகிரிதான் தரும். அதாவது நிமிடத்துக்கு 3 லிட்டர் திறந்தால் 14 டிகிரி ஏறும், 6 லிட்டர் திறந்தால் 7 டிகிரிதான். மார்கழி விடியற்காலையில் கோவை மாடித் தொட்டித் தண்ணீர் 22, 23 டிகிரியில் இருக்கும். நிமிடத்துக்கு 3 லிட்டரை மெல்லிய நூலாக விட்டால் 37 டிகிரி, பக்கெட்டில் பிடித்துக் குளிக்கப் போதும். ஷவரைத் திறந்தால் நிமிடத்துக்கு ஆறு, ஏழு லிட்டர் போகும், அப்போது வருவதை வெந்நீர் என்று சொல்ல முடியாது. ஊட்டி, குன்னூரில் குளிர்காலத்துத் தண்ணீருக்கு இந்தப் பெட்டி உதவவே உதவாது.

சிங்கப்பூரில் இருந்து வந்தவர்கள் "அங்கே சின்னப் பெட்டியிலேயே ஷவர் ஜம்மென்று வந்ததே" என்பார்கள். அங்கே குழாயில் வரும் தண்ணீரே வருஷம் முழுக்க 27 டிகிரி ஒட்டி இருக்கிறது, ஏற்ற வேண்டியது பத்துப் பதினொரு டிகிரிதான். அந்தப் பெட்டியும் 3300 வாட், அதற்கென்றே தனி வயரிங்கும் இருக்கும். இங்கே 4500 வாட் இன்ஸ்டன்டும் விற்கிறார்கள். அது சுமார் 20 ஆம்பியர் இழுக்கும், சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால் பிளக் உருகும்.

ஆகவே மாடியில் ஷவருக்கு ஸ்டோரேஜ்தான். எத்தனை லிட்டர்? 60 டிகிரி வெந்நீரை 23 டிகிரிப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரியில் குளிக்கிறோம் என்று வைத்தால், கலவையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக வெந்நீர். டேங்கிலிருந்து எடுக்க எடுக்கக் கீழே பச்சைத் தண்ணீர் ஏறுவதால் கடைசிப் பங்கு சூடாக வராது. ஐந்தில் நான்கு பங்குதான் உருப்படியாகக் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் 15 லிட்டர் டேங்க் 26 லிட்டர் குளியல் தண்ணீர் தரும், ஒன்றரை பக்கெட். 25 லிட்டர் டேங்க் 43 லிட்டர் தரும், சாதாரண ஷவரில் ஆறு நிமிடம். தலைக்கு மேலே தட்டு மாதிரி வைக்கிற ரெயின் ஷவர் என்றால் அதில் பாதி நேரம்கூட ஓடாது.

உங்களுக்கு மாடியில் 25 லிட்டர், கீழே பெரியவர்கள் பக்கெட்டில்தான் குளிப்பார்கள் என்றால் 15 லிட்டர். ஒருவர் குளித்து முடித்ததும் இன்னொருவருக்கு 15 லிட்டர் டேங்க் மறுபடி சூடாக 2000 வாட்டில் 19, 20 நிமிடம் ஆகும். 25 லிட்டருக்கு அரை மணி நேரம். கரண்ட் செலவு 15 லிட்டர் ஒருமுறை நிறையச் சூடானால் சுமார் 0.65 யூனிட், 25 லிட்டருக்கு 1.1 யூனிட். இரண்டு பாத்ரூமுக்கும் சேர்த்து ஒருநாளைக்கு 2 யூனிட் என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் 120 யூனிட். நம்மூர்க் கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கணக்கே வேறு என்பதால், ஏற்கெனவே 400-ஐ ஒட்டி ஓடுகிற வீடு இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

5 ஸ்டாரைப் பற்றி. ஸ்டோரேஜ் கீசரில் ஸ்டார் அளப்பது ஒரே விஷயத்தைத்தான்: சூடாக்கிய தண்ணீரை அப்படியே விட்டால் 24 மணி நேரத்தில் எவ்வளவு சூடு வீணாகிறது என்பது. சூடாக்கும் வேலைக்கு ஆகும் கரண்ட் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காலையில் அரை மணி நேரம் போட்டு, குளித்து, அணைத்துவிடுகிற வீட்டில் 3 ஸ்டாருக்கும் 5 ஸ்டாருக்கும் பில்லில் தெரிகிற வித்தியாசம் இருக்காது. நாள் முழுக்க ஆனில் விட்டிருக்கும் வீட்டில்தான் அது பேசும். ஆனாலும் நான் 5 ஸ்டாரே வாங்கச் சொல்வேன், வேறு காரணத்துக்காக: டேங்கைச் சுற்றிச் சூட்டைக் காக்கும் பஃப் நுரை தடிமனாக இருப்பதால் ஆறு மணிக்கு அணைத்த தண்ணீர் எட்டு மணிக்கும் சூடாக இருக்கும். லேபிளில் வருஷத்தைப் பாருங்கள், அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள், பழைய 5 ஸ்டாரும் புதிய 5 ஸ்டாரும் ஒன்றல்ல. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 2082 என்ற எண் இருக்கிறதா என்றும் பாருங்கள், ஸ்டோரேஜ் கீசருக்கான தரம் அது.

கம்பெனி. ஏ.ஓ. ஸ்மித், ரேகோல்ட் இரண்டும் கிளாஸ் லைன்டு டேங்கில் நீண்ட அனுபவம் உள்ளவை. வி-கார்டு, ஹேவல்ஸ், க்ராம்ப்டன், பஜாஜ் எல்லாவற்றிலும் நல்ல மாடலும் சுமார் மாடலும் உண்டு. தென் மாவட்டங்களில் தூத்துக்குடி வீனஸ் மேல் மக்களுக்கு ஒரு தனிப் பிடிப்பு, உப்புத் தண்ணீர் ஊரில் பெயர் எடுத்தது. இவற்றுள் எதை எடுத்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். நான் கடைக்காரரிடம் கேட்பது வேறு: இந்த மாடலுக்கு ஆனோடு தனியாகக் கிடைக்குமா, சரவணம்பட்டிக்கு யார் வந்து மாட்டுவார், அவர் வர எத்தனை நாள் ஆகும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் திணறுகிற கடையில், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள். வாரண்டி அட்டையில் டேங்குக்கு ஐந்து வருஷம், ஏழு வருஷம் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். ஆனோடு தேய்மானப் பொருள், அதை உரிய காலத்தில் மாற்றியிருக்க வேண்டும், தண்ணீரின் கடினத்தன்மை இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்பதெல்லாம் சின்ன எழுத்தில் இருக்கும். சின்ன எழுத்தை முதலில் படியுங்கள்.

இனி மாட்டும் வேலை. நல்ல கீசரைக் கெடுப்பதும், சுமாரான கீசரை வருஷக்கணக்கில் ஓட வைப்பதும் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். மெயின் போர்டிலிருந்து தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், கரண்ட் அளவுக்கு மீறினால் தானே விழும் 16 ஆம்பியர் எம்.சி.பி., பாத்ரூமுக்கு வெளியே 20 ஆம்பியர் டி.பி. சுவிட்ச். டி.பி. என்பது ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே அறுக்கும். ஒற்றைச் சுவிட்ச் என்றால், எப்போதோ யாரோ ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருந்தால், அணைத்த பிறகும் கீசருக்குள் கரண்ட் நிற்கும். பிறகு ஆர்.சி.சி.பி., 30 மில்லி ஆம்பியர். எலிமென்ட் விரிசல் விட்டுத் தண்ணீரில் கரண்ட் கசிந்தால், கண் இமைக்கும் நேரத்துக்குள் லைனை வெட்டுவது இது ஒன்றுதான், எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. வீட்டில் இல்லையென்றால் கீசர் வாங்கும் காசில் முதலில் அதைப் போடுங்கள், 25 லிட்டரை 15 லிட்டராகக் குறைத்தாவது போடுங்கள். அதிலிருக்கும் டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்தி, விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

எர்த் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். எர்த் குழி சரியில்லாத வீடுகளில் சில எலக்ட்ரீஷியன்கள் பிளக்குக்குள்ளேயே நியூட்ரலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு துண்டு வயரை லூப் அடித்துவிட்டுப் போகிறார்கள். டெஸ்டரை வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஒருநாள் தெருவிலோ மீட்டர் பக்கமோ நியூட்ரல் அறுந்தால், கீசரின் உடம்பு, குழாய், ஷவர் எல்லாவற்றிலும் முழு 230 வோல்ட் வந்து நிற்கும். புதுக் கீசர் மாட்டும் அன்று பிளக்கைக் கழற்றி இந்த லூப் இருக்கிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரை அனுப்பிவிடுங்கள்.

குழாய் வேலையில் ஒன்று: கீசரின் அடியில் நீல வளையம் போட்டது பச்சைத் தண்ணீர் உள்ளே போக, சிவப்பு வளையம் வெந்நீர் வெளியே வர. உள்ளே நீலக் குழாய் அடியோடு நின்றுவிடும். சிவப்புக் குழாய் டேங்கின் உச்சிவரை போகும், ஏனென்றால் சூடான தண்ணீர் மேலேதான் நிற்கும். இரண்டையும் மாற்றி இணைத்தாலும் தண்ணீர் வரும், ஒரு குவளை வெந்நீர், பிறகு வெதுவெதுப்பு. "கீசர் சரியில்லை" என்று கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டை பிடித்து, கடைசியில் இணைப்பை மாற்றியதும் சரியான வீடுகள் எத்தனையோ.

வெந்நீர் லைன் முழுக்க சி.பி.வி.சி. குழாயாக இருக்க வேண்டும், சாதாரண பி.வி.சி. இளகிவிடும். கீசரை ஷவருக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. முக்கால் அங்குலக் குழாயில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். எட்டு மீட்டர் தள்ளி வைத்தால் ஒவ்வொரு முறையும் 2 லிட்டர் பச்சைத் தண்ணீர் போன பிறகுதான் வெந்நீர் வரும்.

உள்ளே போகும் குழாயில் ஒரு வால்வு தருவார்கள், சின்னக் கைப்பிடியும் பக்கத்தில் ஒரு துளையும் இருக்கும். டேங்குக்குள் அழுத்தம் ஏறினால் திறந்துவிடுவது அதன் வேலை. 25 லிட்டர் தண்ணீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது மூன்றில் ஒரு லிட்டர் அளவுக்கு விரியும், அதற்குப் போக இடம் வேண்டும். சூடாகும் நேரத்தில் அந்தத் துளையில் சொட்டுவது கோளாறு இல்லை. சொட்டுகிறதே என்று துளையை எம்சீல் வைத்து அடைத்திருப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். தெர்மோஸ்டாட்டும், சூடு மீறினால் கரண்டை வெட்டும் கட்-அவுட்டும் ஒருசேரப் பழுதாகும் நாளில், அடைத்த கீசர் சுவரோடு பெயர்ந்து வரும். துளையில் ஒரு டியூபைச் செருகி வடிகாலுக்கு விட்டுவிடுங்கள், தீர்ந்தது.

மாடியில் ஷவருக்காக பிரஷர் பம்ப் வைக்கப் போகிறீர்களா? வைத்தால் 8 பார் தாங்கும் கீசர் வேண்டும். வைக்கவில்லையென்றால் அந்த எண்ணைப் பற்றிக் கவலையே வேண்டாம், தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் 1 பார் அழுத்தம், உங்கள் மாடியில் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. பம்ப் வைத்தால் பச்சைத் தண்ணீர், கீசர் லைன் இரண்டும் அந்த ஒரே பம்பின் வழியாகப் போக வேண்டும். ஒன்றில் பம்ப் அழுத்தமும் மற்றொன்றில் தொட்டி அழுத்தமும் இருந்தால் வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் டைவர்ட்டர் குழாயில் கலக்கவே கலக்காது, பலமுள்ள பக்கம் மற்றதைத் தள்ளிவிடும். இரண்டு தொட்டியும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்று மேலே சொன்னதும் இதனால்தான்.

சுவர் செங்கல் என்றால் பிரச்சினையில்லை. ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. பிளாக் என்றால் சாதாரண போல்ட் பிடிக்காது, தண்ணீரோடு 25 லிட்டர் கீசர் 40 கிலோவை நெருங்கும். அதற்கென்று இருக்கும் ஆங்கர் போட வேண்டும். நெட்டுக்குத்தாக மாட்டும் மாடலை லாஃப்டில் படுக்க வைக்கக்கூடாது. கீழே ஓர் அடியாவது இடைவெளி விடுங்கள், நாளைக்கு எலிமென்ட்டை இறக்க அந்த இடம் வேண்டும்.

மாட்டி முடித்ததும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்றெல்லாம் போய்த் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும். காலி டேங்கில் போட்டால் எலிமென்ட் அன்றைக்கே போய்விடும். தெர்மோஸ்டாட் திருகு 75 வரை போகும், ஆனால் 60-க்கு மேல் வைக்காதீர்கள். சூடு ஏற ஏறப் படிவு வேகமாகக் கட்டும்; பெரியவர்கள் கை தவறிச் சிவப்புப் பக்கம் முழுதாகத் திருப்பினால் 60 டிகிரித் தண்ணீரே சில விநாடிகளில் தோலை வேக வைத்துவிடும். கிருமி பெருகாமல் இருக்க 50-க்குக் கீழே தேக்கி வைப்பதும் நல்லதில்லை. 55 முதல் 60 சரியான இடம். குளிக்கப் போகுமுன் டி.பி. சுவிட்சை அணைத்துவிடும் பழக்கத்தையும் வீட்டில் எல்லோருக்கும் ஏற்படுத்துங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் தண்ணீருக்கு முதல் வருஷ முடிவில் கட்டாயம் திறந்து பாருங்கள். ஆனோடு பாதி கரைந்திருந்தால் வருஷத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம், கால்வாசிதான் என்றால் இரண்டு வருஷத்துக்கு ஒன்று. ஆனோடு சில நூறு ரூபாய்ச் சாமான், கூலியோடு சேர்த்தாலும் புது டேங்கோடு ஒப்பிட முடியாது. திறக்கும்போது ரப்பர் கேஸ்கெட்டையும் மாற்றச் சொல்லுங்கள், பழையதையே திரும்பப் போட்டுத்தான் பாதி ஒழுகல் தொடங்குகிறது. சில போர் தண்ணீரில் மெக்னீசியம் ஆனோடு போட்டதும் வெந்நீரில் அழுகிய முட்டை வாடை வரும். பயப்பட வேண்டாம், அலுமினியம்-துத்தநாக ஆனோடு மாற்றினால் போய்விடும்.

வேறு வழிகளையும் நினைத்திருப்பீர்கள். காஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத பாத்ரூமுக்குள் வைக்கவே வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை நிறமும் இல்லை, குளிக்கப் போனவர்கள் உள்ளேயே இறந்த செய்தி குளிர்காலந்தோறும் வருகிறது. பக்கெட்டில் போடும் ராடு பெரியவர்கள் இருக்கும் வீட்டில் வேண்டாம். மொட்டை மாடியில் வெயில் விழும் இடம் இருந்தால் சோலார் நல்ல யோசனை, ஆனால் போர் தண்ணீரில் அதன் குழாய்களும் இதே கதிதான்.

பழைய டேங்கை வெல்டு வைக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். வெல்டிங் சூட்டில் உள்ளே அந்த இடத்தைச் சுற்றிய கண்ணாடிப் படலம் முழுதும் பொரிந்து உதிர்ந்துவிடும். ஒரு துளையை அடைத்து ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் இரும்பைத் தண்ணீரில் விட்ட மாதிரி ஆகும். அழுத்தம் தாங்க வேண்டிய பாத்திரம் வேறு. தெர்மோஸ்டாட்டையும் அந்தப் பாதுகாப்பு வால்வையும் கழற்றிப் புதியதில் போட்டுக்கொள்ளலாம் என்றும் யாராவது சொல்வார்கள், அதுவும் வேண்டாம், புதியதோடு புதியதே வரும். பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுங்கள். போடுவதற்கு முன் அடித்தகட்டைக் கழற்றி ஆனோடு எப்படி இருக்கிறது என்று ஒரு போட்டோ எடுத்து, தண்ணீர் ரிப்போர்ட்டையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.